குறுக்கே வந்தது யார்?

"யானை குறுக்கே வந்துவிட்டது", "மான் குறுக்கே பாய்ந்தது", "காட்டெருமை வழியை மறித்தது". மலைப்பாதை விபத்துகளைப் பற்றிய செய்திகளில் நாம் அடிக்கடி படிக்கும் சொற்கள் இவை. படிக்கிறோம், "ஐயோ பாவம்" என்கிறோம், அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோம். இச்சொற்களுக்குள் ஒரு பொய் குடியிருப்பதை நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை. குறுக்கே வருபவர் குற்றவாளி, நேரே செல்பவர் நிரபராதி என்பதே இவற்றின் உட்பொருள். வழக்கு விசாரிக்கப்படும் முன்பே விலங்கின்மீது தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது.

அந்தத் தீர்ப்பை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஆனால் பிறரைக் குறை கூறுமுன் நம் தரப்புக் குற்றத்தை ஒப்புக்கொள்வதே முறை.

2018ஆம் ஆண்டு மே மாதம். கர்நாடகத்தில் ஒரு திருத்தலத் திருவிழாவில் பங்குகொண்டு, இருபதுக்கும் மேற்பட்ட பங்கு மக்களோடு வேனில் திரும்பிக் கொண்டிருந்தோம். மறுநாள் திங்கள்கிழமை. எல்லாருக்கும் வேலை இருந்தது. எனவே இரவோடு இரவாக ஊர் வந்து சேர்வதென முடிவு செய்திருந்தோம். ஆசனூரைக் கடக்கும்போது மணி பதினொன்று இருக்கும். வண்டிக்குள் செபமாலை நடந்துகொண்டிருந்தது. திடீரென முன்பக்கத்தில் ஓர் அதிர்ச்சி. ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். பின்னால் சாலையோரத்தில் ஒரு பெண் புள்ளிமான் விழுந்து கிடந்தது. தலையை மட்டும் உயர்த்தி உயர்த்திப் பார்த்தது.

"இங்க நிறுத்தக் கூடாதுங்க சாமி. யானை நடமாட்டம். அப்புறம் கேஸ் ஆகிப்போயிருமுங்க" என்றார் ஓட்டுநர். சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்த்தார். முடிவு நம்மிடம் இருந்தது. "போகலாம்" என்றோம். விட்ட இடத்திலிருந்து செபமாலை தொடர்ந்தது. பண்ணாரி சோதனைச் சாவடியில் வனக்காவலர்கள் நின்றிருந்தார்கள். அவர்களிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு ஜூலையில் நல்ல சமாரியர் உவமை ஞாயிறு நற்செய்தியாக வந்தது. அடிபட்டுக் கிடந்தவரைக் கண்டும் மறுபக்கமாய் விலகிச் சென்ற குருவைப் பற்றி அன்று மறையுரை ஆற்ற நேர்ந்தது. எப்படி ஆற்றினோம் என்பதை எழுத வேண்டியதில்லை. "மானையும் மனிதனையும் ஒன்றாக வைப்பதா?" என்று சிலர் கேட்கக்கூடும். வைக்கவில்லை. கண்டும் காணாமல் கடந்து செல்லும் மனத்தைத்தான் ஒன்றாக வைக்கிறோம். அந்த மனம் யாரைக் கடந்து செல்கிறது என்பதைப் பொறுத்து நல்லதாகிவிடாது.

பாதைக்கு முன்பே இருந்த பாதை

பண்ணாரியிலிருந்து 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறித் திம்பத்தை அடையும் இச்சாலை, ஆசனூர், காரப்பள்ளம் வழியே சாமராஜநகர் மாவட்டத்துக்குள் நுழைகிறது. கோவையையும் பெங்களூருவையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை இது. நெடுநாள் 209 என்ற எண்ணால் அறியப்பட்டு, இப்போது 948 என்ற எண்ணைத் தாங்கியிருக்கிறது. சாலையின் இருபுறமும் விரிவது சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். 2013இல் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இந்தக் காட்டின் பரப்பு 1,400 சதுர கிலோமீட்டருக்கும் மேல்.

மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கைகோக்கும் இடம் இது. முதுமலை, பந்திப்பூர், பிலிகிரிரங்கன் மலை ஆகிய காடுகளோடு சேர்த்துப் பார்த்தால், உலகிலேயே ஆசிய யானைகள் மிகுதியாக வாழும் நிலப்பரப்பின் நடுப்பகுதி இதுவே. 1980களின் தொடக்கத்தில் இந்த மலைகளில் தங்கி யானைகளை ஆராய்ந்த ராமன் சுகுமார், அவற்றின் வாழ்க்கைமுறையை உலகுக்கு எடுத்துரைத்தார். இக்காடுகளில் ஒரு யானைக்கூட்டம் ஓராண்டில் சுற்றிவரும் பரப்பு பல நூறு சதுர கிலோமீட்டர். கூட்டத்தை நடத்திச் செல்வது வயதில் மூத்த பெண் யானை. எந்தக் கோடையில் எந்த ஓடை வற்றாது, எந்த மழைக்குப் பின் எந்தச் சரிவில் புல் தழைக்கும் என்பதெல்லாம் அதன் நினைவில் இருக்கிறது. மோயாற்றுப் பள்ளத்தாக்குக்கும் மேட்டுநிலக் காட்டுக்கும் இடையே தாயும் பாட்டியும் நடந்த தடத்திலேயே மகளும் நடக்கிறாள்.

அந்தத் தடத்தின் நடுவே நாம் தாரை ஊற்றினோம். மாட்டுவண்டிக் காலத்தில் இது பெரும் தீங்காக இருந்திராது. வண்டி மெல்லச் செல்லும். அந்தி சாய்ந்தால் மாடுகளை அவிழ்த்துவிட்டு ஓரிடத்தில் தங்கிவிடுவார்கள். இன்றைய சரக்கு ஊர்திக்கு அந்தியும் இல்லை, விடியலும் இல்லை. காட்டு விலங்கு பகலில் மனிதனுக்கு அஞ்சி ஒதுங்கி, இரவில்தான் நீருக்கும் மேய்ச்சலுக்கும் இறங்குகிறது. அந்த இரவையும் நாம் எடுத்துக்கொண்டோம். இப்போது சொல்லுங்கள், குறுக்கே வந்தது யார்?

ஒரு கணக்கு

"கவனமாக ஓட்டினால் போதாதா?" என்பார் உண்டு. போதாது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. மானைக் கண்டு காலைத் தடைமிதியில் வைக்கவே ஒரு நொடி ஆகும். அதன்பின் வண்டி நிற்க இன்னும் 35, 40 மீட்டர் வேண்டும். ஆக ஏறத்தாழ 60 மீட்டர். தாழ்த்திய முகப்பு விளக்கு தெளிவாகக் காட்டுவதோ 40, 50 மீட்டரைத்தான். அதாவது ஓட்டுநர் எவ்வளவு நல்லவராயினும், தாம் காணாத தொலைவுக்குள் தம் வண்டியை ஏற்கெனவே செலுத்திவிட்டார். வேகத்தைப் பாதியாக்கி 40 கிலோமீட்டரில் சென்றால் 20 மீட்டர் சுற்றளவில் நின்றுவிடலாம். வேகம் இரு மடங்கானால், தடை போட்ட பின் வண்டி ஓடும் தொலைவு நான்கு மடங்காகும் என்பது பள்ளிப் பிள்ளைகளும் படிக்கும் பாடம்.

விலங்கின் பக்கமும் பார்க்க வேண்டும். இருளுக்கென்று அமைந்த அதன் கண்கள், திடீர் ஒளிவெள்ளத்தில் குருடாகிவிடுகின்றன. மான் திகைத்து நின்றுவிடுகிறது. நாம் அதனை மடமை என்கிறோம். பாம்பும் தவளையும் இன்னும் இரங்கத்தக்கவை. பகல் வெயிலில் சூடேறிய தார் இரவில் பாம்பை அழைக்கிறது; மழையில் சாலைக்கு வரும் தவளைகள் சக்கரங்களின்கீழ் நூறு நூறாய் மடிகின்றன. அவற்றுக்குச் செய்தியில் இடமே இல்லை.

வளைவுகளிலோ வேறு வகைத் துன்பம். நீண்ட பாரவண்டி ஒன்று திரும்ப முடியாமல் சிக்கிக்கொண்டால் மணிக்கணக்கில் மலையே அடைபட்டுப் போகிறது. ஒலிப்பான்களின் அலறலுக்கும் விளக்குகளுக்கும் நடுவே, குட்டியோடு வந்த யானைக்கூட்டம் எந்தப் பக்கம் போகும்?

இவற்றோடு நம் "இரக்கமும்" சேர்ந்துகொள்கிறது. கரும்பேற்றிச் செல்லும் லாரிகளிலிருந்து காரப்பள்ளம் பகுதியில் சிந்தியதும், ஓட்டுநர்கள் விரும்பி வீசியதுமான கரும்பு, யானைகளைச் சாலையோரத்தில் காத்து நிற்கப் பழக்கிவிட்டது. வளைவுகளில் வண்டியை நிறுத்திக் குரங்குகளுக்கு வாழைப்பழமும் வறுவலும் கொடுப்போர், அதனைப் புண்ணியம் என்றே நம்புகின்றனர். அடுத்து வரும் வண்டியின் சக்கரத்துக்கு அக்குரங்கைப் பழக்கிவிட்டுச் செல்கிறோம் என்பதே உண்மை.

"மனிதனா, விலங்கா?"

2019 ஜனவரியில் ஈரோடு மாவட்ட நிர்வாகம் திம்பம் சாலையில் இரவுப் போக்குவரத்தைத் தடைசெய்து ஆணை பிறப்பித்தது. மூன்றாண்டுகள் அது காகிதத்திலேயே உறங்கியது. பின்னர் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2022 பிப்ரவரி 10 முதல் அதனை நடைமுறைப்படுத்தச் செய்தது. புலிகளின் எண்ணிக்கையை இரு மடங்காக்கியதற்காகச் சத்தியமங்கலம் காப்பகம் பன்னாட்டு விருது பெற்றது அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான். விருதுக்குக் கைதட்டிய நாம், தடைக்கு எதிராகக் கடையடைத்தோம். மறியலும் நடந்தது. "மனிதன் முக்கியமா, மிருகம் முக்கியமா?" என்ற கேள்வி எங்கும் எழுந்தது.

அக்கேள்வியை எழுப்பியோர் எல்லாரும் ஒரே வகையினர் அல்லர் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். தாளவாடி மலைப்பகுதியில் காய்கறி விளைவிப்போரின் அச்சம் நியாயமானது. தக்காளியும் முட்டைக்கோசும் விடியற்காலைச் சந்தைக்குச் சேராவிட்டால் விலை போகா. மலைக்கிராமங்களில் வாழும் சோளகரும் ஊராளிகளும் நள்ளிரவில் நோயாளியைக் கீழே கொண்டுசெல்ல வேறு வழி அறியார். இவர்களுடைய குரலைக் கேளாமல் காடு பேசுவோர் காட்டையும் அறியாதவர்களே. இக்குரல் கேட்கப்பட்டது என்பதும் உண்மை. உள்ளூர் மக்களின் வாகனங்களுக்கும் மருத்துவ ஊர்திகளுக்கும் விலக்கு வகுத்து, 2022 ஏப்ரலில் நீதிமன்றம் தன் ஆணையைத் திருத்தியது.

நம் வழக்கு அந்த உழவரோடு அன்று. அவருடைய தக்காளிக் கூடைக்குப் பின்னே ஒளிந்துகொண்டு பேசியவர்களோடுதான். இம்மலையில் ஒரு பிடி மண்ணும் இல்லாமல், மாநிலம் விட்டு மாநிலம் சரக்கு ஓட்டுவோர். சுற்று வழியின் டீசல் செலவையும் சுங்கக் கட்டணத்தையும் மிச்சம் பிடிக்கக் காட்டை ஊடறுப்போர். வார இறுதிக் கேளிக்கைக்கு நள்ளிரவில் மலையேறுவோர். இவர்களுக்குக் கிருஷ்ணகிரி, சேலம் வழியே அகன்ற சாலை உண்டு. யானைக்கு மாற்றுப்பாதை உண்டா? மனிதன், விலங்கு ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க எவரும் நம்மைக் கேட்கவில்லை. சில மணி நேரமும் சில நூறு ரூபாயும் ஒருபுறம், உயிர் மறுபுறம் என்பதே நம் முன் வைக்கப்பட்ட கேள்வி. அதனை உள்ளபடி கேட்டால் விடை கூற வெட்கப்படுவோம் என்பதால்தான் "மனிதனா, விலங்கா?" என்று மாற்றிக் கேட்கிறோம்.

மேலும், இருளில் யானைமீதோ காட்டெருமைமீதோ மோதும் இருசக்கர வாகனம் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. உறக்கம் கெட்டு வளைவுகளில் பாரவண்டி ஓட்டுபவர் யாரோ ஒரு தாயின் மகன். இரவில் மூடப்படும் வாயிற்கதவு அவரையும் காக்கிறது.

முடியாததா?

"சொல்வது எளிது, செய்வது அரிது" என்போருக்குச் சில எடுத்துக்காட்டுகளைக் காட்டுவோம்.

பந்திப்பூர் வழியாகச் செல்லும் இரு நெடுஞ்சாலைகள் 2009 முதல் இரவு 9 மணிக்கு மூடப்பட்டு, காலை 6 மணிக்குத் திறக்கப்பட்டன. மறு ஆண்டே கர்நாடக உயர் நீதிமன்றம் அத்தடையை உறுதி செய்தது. மருத்துவ ஊர்திகளும் குறிப்பிட்ட சில பேருந்துகளும் மட்டும் அனுமதிக்கப்பட்டன. வயநாட்டில் 2019இல் பெரும் போராட்டம் எழுந்தது மெய்தான். ஆயினும் அந்த இரவுகளில் வணிகம் அழிந்துபோகவில்லை. பயணத்தின் நேரம் மாறியது, அவ்வளவே.

மதுரை, திருநெல்வேலி வழியாகக் கன்னியாகுமரியை அடையும் அதே 44ஆம் எண் நெடுஞ்சாலை, வடக்கே மராட்டியத்தில் பெஞ்ச் புலிக்காட்டை ஊடுருவிச் செல்கிறது. அங்கே வழக்குகளுக்குப் பின் சாலையையே தூண்கள்மீது தூக்கி நிறுத்தி, அடியில் விலங்குகளுக்கு ஒன்பது வழிகள் அமைத்தார்கள். அவற்றுள் மிக நீளமானது 750 மீட்டர். இந்திய வனவிலங்கு நிறுவனத்தார் கேமராக்கள் வைத்துக் கண்காணித்தபோது 18 வகை விலங்குகள் அவ்வழிகளில் நடந்தன. புலிகளும் நடந்தன. மேலே லாரி ஓடுகிறது, கீழே புலி நடக்கிறது, ஒன்றுக்கொன்று இடையூறில்லை.

கனடா நாட்டின் பான்ஃப் பூங்காவில் நெடுஞ்சாலைக்கு மேலே மரம் வளர்த்த பாலங்களும் கீழே சுரங்கவழிகளுமாக நாற்பதுக்கும் மேற்பட்டவை உள்ளன. சாலையோரம் வேலியும் சேர்ந்ததால் விலங்குகள்மீது வாகனங்கள் மோதுவது 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. வேலி இன்றிப் பாலம் மட்டும் கட்டினால் பயன் இல்லை என்பதும், கரடி போன்றவை புதுப் பாலத்தை நம்பி ஏறச் சில ஆண்டுகள் ஆகும் என்பதும் அங்கே கற்ற பாடங்கள்.

அவ்வளவு தொலைவு ஏன்? நம் வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே துண்டுபட்ட சோலைகளில் சிங்கவால் குரங்குகள் வாழ்கின்றன. மரத்திலிருந்து தரைக்கு இறங்காமல் வாழ வேண்டிய உயிர் அது. சாலை விரிந்து கிளைகள் பிரிந்ததால் தரையிறங்கி அடிபட்டது. புதுத்தோட்டத்தில் மரத்துக்கு மரம் தொங்குபாலங்கள் கட்டினார்கள்; சாலையில் காவலர்களை நிறுத்தி வண்டிகளை மெல்லப் போகச் சொன்னார்கள். குரங்குகள் பாலத்தைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டன. கோவை மதுக்கரைப் பகுதியின் இருப்புப் பாதையில் 2021 நவம்பரில் ஒரே இரவில் மூன்று யானைகள் இரயிலில் அடிபட்டு மாண்டன. அதன்பின் தண்டவாளத்தின் அடியில் யானைவழிகள் அமைந்தன. 2024இல் கோபுரங்களில் கேமராக்கள் பொருத்தி, யானை நெருங்கும்போதே ஓட்டுநரை எச்சரிக்கும் ஏற்பாடும் வந்தது. மனம் வைத்தால் வழி பிறக்கும் என்பதற்கு இவை போதாவா?

ஆனால் பாலங்களைப் பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கோடிக்கணக்கில் செலவிட்டுப் பாலம் கட்டுவதாக வாக்களித்து, அதுவரை ஒன்றும் செய்யாதிருப்பதும் ஒரு தந்திரமே. 27 வளைவுள்ள மலைச்சரிவில் எல்லா இடத்திலும் பாலம் கட்டிவிட முடியாது. இரவில் ஒரு கதவை மூடுவதற்கும் பகலில் கால் மிதியைத் தளர்த்துவதற்கும் ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டியதில்லை. செலவற்ற வழியை வெறுத்து, செலவுள்ள வழிக்குக் காத்திருப்பவர் உண்மையில் எந்த வழியையும் விரும்பவில்லை.

நம் பங்கு

"இது அரசின் வேலை, கோயிலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?" எனக் கேட்கும் அன்பர்கள் நம்மிடையே உண்டு. அசிசியின் பிரான்சிசைச் சுற்றுச்சூழலின் பாதுகாவலராகத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அறிவித்தது 1979இல். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், நம் பொது இல்லமாகிய உலகைப் பேணுவது பற்றிச் சுற்றுமடல் எழுதியது 2015இல். அக்டோபர் வந்தால் அசிசியாரின் சுரூபத்துக்கு மாலை சூட்டுகிறோம். அதே மாதத்தில் வேன் பிடித்து, இருட்டில் காட்டைக் கிழித்துக்கொண்டு திருப்பயணம் போகிறோம்.

படைப்புக்கு மனிதனே தலைவன் என்று வாதிடுவோர் பிலயாமின் கழுதையை நினைவுகூர வேண்டும். வழியில் நின்ற ஆண்டவரின் தூதரைக் கண்டது கழுதை; காணாதவர் மேலே அமர்ந்திருந்த இறைவாக்கினர். அது ஒதுங்கியதற்காக மும்முறை அதனை அடித்தார். பயணத்தில் அவசரம் மிகுந்தால் கண் மறைந்துபோகும் என்பதற்கு விவிலியத்திலேயே இதைவிட நல்ல சான்று இல்லை.

ஆகவே நம் பங்குகளில் செய்யக்கூடியவை சில. காட்டுச்சாலை வழியே செல்லும் திருப்பயணம், பகலில் புறப்பட்டுப் பகலில் காட்டைக் கடக்கட்டும். இரவு தங்க நேர்ந்தால் தங்கட்டும். வேன் பேசும்போது வாடகையை மட்டும் பேசாமல் வேகத்தையும் பேசுவோம்; காட்டுக்குள் 40க்கு மேல் போகக்கூடாது என்று பங்குப் பேரவையே சொல்லட்டும். வளைவுகளில் நின்று உணவு கொடுப்பதும், உண்ட இலையையும் நெகிழிப்பையையும் எறிவதும் இனி வேண்டா. எதன்மீதாவது மோதிவிட்டால் அடுத்த சோதனைச் சாவடியில் சொல்லிவிட்டே செல்வோம். நம்மிடையே லாரி உரிமையாளர்கள் இருக்கிறார்கள், ஓட்டுநர்கள் இருக்கிறார்கள், கரும்பு அனுப்புவோர் இருக்கிறார்கள். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றாதிருப்பதும் நோன்புதான்.

இவ்வாண்டு நம் பங்குப் பேரவையில் இதனை வைத்தோம். விவாதம் சூடாகவே நடந்தது. ஓர் இரவு தங்கினால் தலைக்கு முந்நூறு ரூபாய் கூடும் என்றார் ஒருவர். ஒருநாள் கூலி போகும் என்றார் இன்னொருவர். இரண்டு குடும்பங்கள் தங்கள் பெயரை விலக்கிக்கொண்டன. கூலியை இழப்பவரின் கணக்கைத் தள்ளிவிட முடியாது. அவருக்கான செலவைப் பங்கு ஏற்பதென முடிவாயிற்று. மற்றவர்களுக்கோ விலக்கு இல்லை.

2018இல் அந்த வேனில் இருந்தவர்களில் பலர் இம்முறையும் வருகிறார்கள். ஆசனூரைப் பகலில் கடப்போம். அந்த இடம் வரும்போது வண்டியை மெல்லச் செலுத்தச் சொல்லப்போகிறோம். அன்று "போகலாம்" என்று சொன்ன வாயால் சொல்லக்கூடியது இனி அது ஒன்றுதான்.